நத்தையைச் சோதிப்பது எதற்கு?

(ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் ஆய்வகப் பணியாளர்கள் சார்பாக நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆய்வகத்தில் வேலை செய்கிற எங்களை இப்படி மேடையில் நிறுத்துவது வழக்கமல்ல. மருத்துவர்கள் பேசுவார்கள், செவிலியர்கள் சாட்சி சொல்லுவார்கள். நாங்கள் இரத்தக் குழாய்களோடும் சிறுநீர்ப் புட்டிகளோடும் பின்கட்டில் இருந்துவிடுவோம். இந்த முறை எங்களுக்கும் அரைமணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அரைமணி நேரத்தையும் ஒரு நத்தையைப் பற்றிப் பேசிச் செலவழிக்கப் போகிறோம் என்றால் நீங்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் இதுதான். காணிக்கையோடு நீங்கள் அனுப்புகிற கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "எங்கள் பணம் நோயாளியின் படுக்கைக்கும் மருந்துக்கும் போகட்டும். கருவிக்கும் சோதனைக்கும் ஏன் இவ்வளவு?" நியாயமான கேள்வி. கைம்பெண் ஒருவர் மிச்சம் பிடித்து அனுப்பிய ரூபாய் எங்கே போகிறது என்று கேட்பதற்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. எங்கள் மருத்துவமனையை வைத்தே இதற்குப் பதில் சொன்னால் எங்களை நாங்களே மெச்சிக்கொள்வது போலாகிவிடும். ஆகவே நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு தேசத்திலிருந்து, நம் மாவட்டத்தில் இல்லாத ஒரு வியாதியை எடுத்துக்கொள்கிறோம்.

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். நம் ஊர்களைப் போலவே நெல் வயல்களும் ஏரிகளும் நிறைந்த பூமி. ஏழை விவசாயிகள். ஒட்டுகிற பச்சரிசிச் சோறும் மீனும் அவர்களுடைய ஆகாரம். அந்த மீனைச் சில நேரம் பச்சையாகவே கொத்தி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, மிளகாயும் வறுத்த அரிசிப் பொடியும் பச்சிலைகளும் போட்டுப் பிசைந்து உண்பார்கள். "கோய் ப்ளா" என்று அதற்குப் பெயர். வயலில் வேலை செய்துகொண்டே குட்டையில் வலை வீசி, பிடித்த இடத்திலேயே பிசைந்து, கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற உணவு அது. எலுமிச்சைச் சாறு பட்டவுடன் மீன் வெளுத்துப் போவதால் அது வெந்துவிட்டது என்றே பலர் நம்பி வந்தார்கள். புளிப்பு மீனின் நிறத்தை மாற்றும். மீனுக்குள் இருக்கிற புழுவைக் கொல்லாது.

அந்தப் புழுதான் கல்லீரல் தட்டைப்புழு. நம் ஊரில் ஆடு மாடு அறுப்பவர்கள் ஈரலைக் கீறும்போது இலை போலத் தட்டையாக ஒரு புழு வெளிவருவதைப் பார்த்திருப்பார்கள். அது ஆடு மாடுகளுக்கு உரிய வேறொரு இனம். அதுவும் நத்தை வழியாகத்தான் வருகிறது, ஆனால் மீன் வழியாக அல்ல, புல் வழியாக. ஈசானில் உள்ளது அதைவிட மிகச் சிறியது. ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை. ஓப்பிஸ்தார்க்கிஸ் விவெரினி என்பது அதன் அறிவியல் பெயர். 1886-ஆம் ஆண்டில் புவாரியே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் மிருகக்காட்சி சாலையில் இருந்த மீன்பிடிப் பூனை ஒன்றின் உடலில் இதை முதன்முதலாகக் கண்டார். பூனையின் பெயரே புழுவுக்கும் ஒட்டிக்கொண்டது. இது மனிதரையும் பிடிக்கிறது என்று அறிய இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பச்சை மீனோடு வயிற்றுக்குள் போகிற இந்தப் புழு பித்தநாளத்தின் வழியாக ஏறிக் கல்லீரலுக்குள் குடியேறுகிறது. ஒன்றிரண்டு இருந்தால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று பித்தநாளத்தின் சுவர் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, கடைசியில் சிலருக்குப் பித்தநாளப் புற்றுநோயாக முடிகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1994-ஆம் ஆண்டில் இந்தப் புழுவை, புகையிலையைப் போல, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. உலகத்திலேயே இந்தப் புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படுவது ஈசானில், குறிப்பாகக் கோன் கேன் மாகாணத்தில். கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்து, எடை குறைந்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது பெரும்பாலானோருக்கு அறுவை செய்கிற கட்டம் கடந்து போயிருக்கும். நாற்பது, ஐம்பது, அறுபது வயதில், குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் போய்விடுகிறார்கள். கோன் கேனில் கல்லீரல் அறுவை நிபுணரான டாக்டர் நரோங் குந்திக்கேயோ தம்முடைய தகப்பனாரையும் தாயாரையும் இந்த நோய்க்கே பறிகொடுத்தவர். பின்னாளில் கிராமம் கிராமமாக அல்ட்ராசவுண்ட் கருவியோடு போய், நோய் முற்றுமுன் கண்டுபிடிக்கும் பெரிய திட்டத்தில் அவர் முன்னின்றார். 2013-இல் தொடங்கிய திட்டம் அது.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பிராசிகுவாண்டல் என்ற மாத்திரை, உடல் எடைக்கு ஏற்றபடி ஒரே வேளை கொடுத்தால் போதும், புழு செத்துவிடும். ஆனால் மாத்திரை சாப்பிட்டவர் அடுத்த மாதமே கூட்டாளிகளோடு உட்கார்ந்து கோய் ப்ளா சாப்பிட்டால் புழு மறுபடி வந்துவிடும். தாய்லாந்து அரசாங்கம் பல பத்தாண்டுகளாக மலப் பரிசோதனை, மாத்திரை, போதனை என்று பாடுபட்டது. 1980-81-இல் வடகிழக்கில் நூற்றுக்கு 34.6 பேருக்கு இந்தப் புழு இருந்தது. 2009-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 16.6-ஆகக் குறைந்தது. குறைந்தது என்று சந்தோஷப்படலாம். ஏறத்தாழ முப்பது வருஷ உழைப்புக்குப் பிறகும் ஆறில் ஒருவருக்கு இருந்தது என்றும் பார்க்கலாம். நாங்கள் இரண்டாவது விதமாகத்தான் பார்க்கிறோம்.

இனி நத்தைக்கு வருவோம். புழு பிடித்தவரின் மலத்தோடு முட்டைகள் வெளியேறுகின்றன. கழிப்பறை இல்லாத வீட்டிலிருந்தும், தொட்டியிலிருந்து அள்ளிய கழிவை அப்படியே வயலில் கொட்டுவதாலும், மழை வெள்ளத்தோடு அவை குட்டைக்குப் போய்ச் சேருகின்றன. மனிதர் மட்டுமல்ல, மீன் தலையும் குடலும் தின்கிற பூனைகளும் இந்த முட்டைகளைப் பரப்புகின்றன. கோன் கேன் பகுதியில் நடந்த ஆய்வுகளில் சோதித்த பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்தப் புழு இருந்தது. தண்ணீரில் கிடக்கும் முட்டையைப் பித்தினியா என்கிற சிறு நத்தை இரையோடு விழுங்குகிறது. கொத்துக்கடலை அளவுதான் இருக்கும். ஓட்டின் வாயில் ஒரு மூடி வைத்திருக்கும். கோடையில் தண்ணீர் வற்றினால் மூடியைச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

முட்டை இந்த நத்தைக்குள்தான் பொரிக்கிறது. பொரித்தது அப்படியே இருப்பதில்லை; ஒன்று பலவாகிறது, பலவும் மறுபடி பெருகுகின்றன. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, வாலோடு நீந்துகிற நுண்ணிய குஞ்சுகளாக நாள்தோறும் நூற்றுக்கணக்கில் நத்தையை விட்டு வெளியேறுகின்றன. செர்கேரியா என்று இவற்றைச் சொல்லுவார்கள். இவை கெண்டை இனத்து மீன்களைத் தேடிப்பிடித்து, செதிலுக்கு அடியிலும் தசையிலும் கூடு கட்டிக்கொள்கின்றன. இந்தச் சங்கிலி முழுவதும் அறிவியல் முறைப்படி 1965-இல் விளக்கப்பட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மனிதனுக்குள் புழு பெருகுவதில்லை. எத்தனை புழு உள்ளே போனதோ அத்தனைதான். மீனுக்குள்ளும் பெருகுவதில்லை. பெருகுகிற இடம் நத்தை ஒன்றே. ஆகையால்தான் ஆயிரம் நத்தையில் ஒன்றிரண்டுக்குமட்டும் நோய் இருக்கிற ஒரு குட்டையில் மீன்களில் பெரும்பகுதி நோயுள்ளவையாக இருக்கக்கூடும்.

நோயுள்ள நத்தையைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு, எங்களுக்கு மிகவும் பிடித்த வழி. வரப்போரத்தில் அரிகூடையால் நத்தைகளை அள்ளி வந்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் சிறிது தண்ணீரோடு போட்டு, மேலே ஒரு மின்விளக்கைப் போடுவார்கள். வெளிச்சமும் சூடும் பட்டதும் செர்கேரியாக்கள் வெளியே வரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எண்ணிக்கொள்ளலாம். செலவு மிகக் குறைவு. ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில்கூடச் செய்யலாம். பிள்ளைகள் ஒரு தடவை குழாய்க்குள் அவை நீந்துவதைப் பார்த்துவிட்டால் பச்சை மீனைத் தொட யோசிப்பார்கள்.

இந்த வழியில் மூன்று குறைகள். முதலாவது, நேற்றோ போன மாதமோ முட்டையை விழுங்கிய நத்தை இன்று விளக்குக்கு அடியில் ஒன்றும் வெளிவிடாது. அதற்குள் நோய் வளர்ந்துகொண்டிருக்கும். நாம் நல்ல நத்தை என்று எழுதிவிடுவோம். இரண்டாவது, அதே நத்தை வேறு புழுக்களுக்கும் வீடாக இருக்கிறது. குடலில் மட்டும் வாழ்கிற சிறு புழுக்களின் செர்கேரியாவும் பார்ப்பதற்கு ஏறக்குறைய இதே சாயல். பழகின கண்கூட ஏமாறும். மலப் பரிசோதனையில் முட்டையைப் பார்க்கும்போதும் இதே தொல்லைதான்.

மூன்றாவது குறையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் சொல்ல வந்ததே அதுதான். ஒரு குட்டையில் ஆயிரத்துக்கு ஒரு நத்தை நோயுள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் 300 நத்தைகளை அள்ளி வந்து பார்க்கிறோம். 300 என்பது ஒருவருக்கு ஒருநாள் முழுவதும் பிடிக்கிற வேலை. அப்படிப் பார்த்தால் நான்கு தடவைக்கு ஏறக்குறைய மூன்று தடவை நமக்கு ஒன்றுமே கிடைக்காது. "இந்தக் குட்டை சுத்தம்" என்று அறிக்கை போகும். குட்டையோ சுத்தமில்லை. நூற்றுக்கு 95 பங்கு நிச்சயம் வேண்டுமானால் ஏறக்குறைய 3,000 நத்தைகளைப் பார்த்தாக வேண்டும். அதாவது, ஒரு நோய்த்தடுப்புப் பணி எவ்வளவு நன்றாக நடக்கிறதோ, நோய் எவ்வளவு அரிதாகிறதோ, அவ்வளவுக்குப் பழைய சோதனை குருடாகிக்கொண்டே போகிறது. நோய் மலிந்திருக்கும்போது விளக்கும் மைக்ரோஸ்கோப்பும் போதும். "இனி இங்கே நோய் இல்லை, அடுத்த கிராமத்துக்குப் போகலாம்" என்று சொல்ல வேண்டிய நாளில்தான் அவை கைவிடுகின்றன.

இங்கேதான் மூலக்கூறுச் சோதனை வருகிறது. எந்த உயிரின் உடலிலும் அதற்கே உரிய டி.என்.ஏ. இருக்கிறது, குஞ்சானாலும் முட்டையானாலும் கிழப் புழுவானாலும் எழுத்து மாறாது. நத்தையின் ஓட்டை உடைத்து, உடம்பை ஒரு சிறு குழாயில் இட்டுக் கரைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கிறார்கள். அது பெரும்பாலும் நத்தையின் டி.என்.ஏ.தான். அதற்குள் புழுவின் டி.என்.ஏ. இருந்தால் வைக்கோற்போரில் விழுந்த ஊசி போலத்தான் இருக்கும். அந்த ஊசியைத் தேடாமல், ஊசியையே பெருக்கிவிடுகிற உபாயம் பி.சி.ஆர். 1983-இல் கேரி முல்லிஸ் என்பவர் இந்த முறையைக் கண்டார். அதற்காக 1993-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தச் சோதனையும் இதே வகைதான்; ஆகவே இந்தப் பெயர் உங்களுக்குப் புதியதல்ல.

புழுவின் டி.என்.ஏ.யில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும்படி எழுதப்பட்ட சிறு துண்டுகளைக் குழாயில் சேர்க்கிறார்கள். பிறகு குழாயைச் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி சூடாக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பகுதி இரண்டு மடங்காகிறது. ஒன்று இரண்டு, இரண்டு நாலு என்று 30 சுற்று முடிந்தால் கணக்குப்படி 107 கோடியைத் தாண்டும். இதற்குள் கண்ணுக்குத் தெரிகிற அளவு வந்துவிடும். ஜெல்லில் ஓடவிட்டுச் சாயமிட்டால் ஒரு கோடாகத் தெரியும். புழு இல்லையென்றால் கோடு இல்லை. கோன் கேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நோயில்லாத ஒரு நத்தையில் ஒரே ஒரு செர்கேரியாவைச் சேர்த்து வைத்தாலும் இந்த முறை அதைக் காட்டிக்கொடுத்தது. சாயல் ஒத்த மற்றப் புழுக்களிலிருந்து பிரித்தறியும் வகைகளும் வந்துவிட்டன. நத்தைகளை இருபது இருபதாக ஒரே குழாயில் சேர்த்துச் சோதித்தால் 3,000 நத்தைக்கு 150 குழாய்கள்தான். கோடு தெரிகிற குழாயின் குளத்துக்கு மட்டும் மறுபடி போனால் போதும்.

கேட்பதற்கு அழகாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நத்தைக்குக் கோழை அதிகம். அந்தக் கோழை டி.என்.ஏ.யோடு வந்துவிட்டால் பெருக்கம் நின்றுபோய், நோயுள்ள நத்தையும் இல்லாதது போலக் காட்டும். நேற்றுப் பெருக்கியதில் ஒரு துளி மேஜையில் சிந்தியிருந்தால் இன்று எல்லாக் குழாயும் நோய் என்று சொல்லும். அதற்காக ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றையும், நிச்சயம் புழு உள்ள குழாய் ஒன்றையும் கூடவே ஓட்ட வேண்டும். மின்சாரம் போனால் வேலை போயிற்று. குளிர்ப்பெட்டி நின்றால் மருந்துப் பொருளும் போயிற்று. இவற்றுக்குப் பணம் ஆகிறது. பணத்தைவிட, பழகின கைகள் வேண்டும். கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை இயக்குகிறவருக்குச் சம்பளம் வைக்க மறந்துவிடுவது எத்தனையோ இடங்களில் நடக்கிறது. துணி போட்டு மூடி வைத்த கருவியைப் போல மனசை வாட்டுவது ஆய்வகக்காரருக்கு வேறொன்றுமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.சி.ஆரில் கோடு வந்தால், நத்தைக்குள் புழுவின் டி.என்.ஏ. இருக்கிறது என்றுதான் அர்த்தம். முட்டையை விழுங்கியும் அது வளராமலே போன நத்தையும் கோடு காட்டலாம். செர்கேரியாவை உண்மையில் வெளிவிடுகிறதா என்று விளக்கும் குழாயும்தான் சொல்லும். ஆகவே பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் பிடிப்பது புத்தியல்ல. மூலக்கூறுச் சோதனை இங்கே பார் என்று கைகாட்டும். மைக்ரோஸ்கோப் என்ன நடக்கிறது என்று சொல்லும். இரண்டும் வேண்டும் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

கோன் கேன் நகருக்குத் தெற்கே லாவா என்றொரு ஏரி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் 2007-ஆம் ஆண்டு முதல் பேராசிரியர் பஞ்சோப் ஸ்ரீபாவும் அவருடைய கூட்டத்தாரும் ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள், அதோடு நிற்கவில்லை. கிராமச் சுகாதாரத் தொண்டர்களைப் பழக்கினார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள், வீட்டுப் பெண்களோடு பேசினார்கள், பூனை நாய்களையும் கவனித்தார்கள், ஏரியின் மீனையும் நத்தையையும் விடாமல் சோதித்தார்கள். ஆரம்பத்தில் ஜனங்களில் சராசரியாக நூற்றுக்கு 60 பேருக்குப் புழு இருந்தது. சில ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மீன்களிலோ, உச்ச அளவாக நூற்றுக்கு 70 வரை இருந்தது ஒன்றுக்கும் கீழே போயிற்று. பிற்பாடு பல ஊர்களும் இதை மாதிரியாக எடுத்துக்கொண்டன.

இதில் எங்களை நிற்கவைத்தது இந்த வித்தியாசம்தான். மனிதருக்குள் இருக்கிற புழு பல வருஷம் வாழும். ஆகவே ஜனங்களின் மலத்தை மட்டும் சோதித்தால், இன்றைய தண்ணீரின் நிலை நமக்குத் தெரியாது. என்றோ தின்ற மீனின் கணக்குத்தான் தெரியும். நத்தை அப்படியல்ல. அதற்கு ஆயுசு குறைவு. நத்தைக்குள் இன்று புழு இருந்தால், அண்மையில்தான் யாரோ ஒருவரின் அல்லது ஏதோ ஒரு பூனையின் கழிவு இந்தத் தண்ணீரில் கலந்திருக்கிறது. எந்தக் கிராமத்துக் கழிப்பறைக்கு முதலில் பணம் ஒதுக்குவது, எந்த வீதியில் மறுபடி மாத்திரை கொடுப்பது என்று தீர்மானிக்க இதைவிடப் புதிய செய்தி கிடையாது. நோயாளி கண் மஞ்சளாகி வந்து படுக்கையில் சாய்வதற்குப் பதினைந்து, இருபது வருஷம் முன்னாலேயே வருகிற செய்தி அது. படுக்கைக்குக் கொடுப்பதா, சோதனைக்குக் கொடுப்பதா என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான்: அந்தப் படுக்கைக்கு வரப்போகிறவர் இன்று பத்து வயதுப் பிள்ளையாக அந்தக் குட்டையின் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

அண்மைக் காலத்தில் இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். ஈசானுக்கு எதிர்க்கரையில், மேகோங் நதிக்கு அப்பால் உள்ள லாவோஸ் தேசத்தில், நத்தையைக்கூடப் பிடிக்காமல் தண்ணீரையே மொண்டு வடிகட்டி, வடிதாளில் தங்கிய டி.என்.ஏ.யில் இந்தப் புழுவின் எழுத்து இருக்கிறதா என்று தேடிய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. கிடைத்தது. ஒரு குடம் தண்ணீரைக் கொண்டு ஒரு குளத்தின் நிலையைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இதனால் பிறந்திருக்கிறது. ஆனாலும் தண்ணீர் ஓடுகிற பொருள். மேல்வயலில் கலந்தது கீழ்வயலில் தெரியும். எந்த வாய்க்காலில் முட்டை விழுந்தது என்று அறிய வேண்டுமானால், காலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரிகூடையோடு சேற்றில் இறங்கி நத்தை பொறுக்கத்தான் வேண்டும்.